அயல்நாட்டு நூலகப் பயிற்சிக்கு வழிகாட்டல் தேவை

ஐயா,

நூலகவியலில் முதுகலை முடித்த என் அண்ணன் மகள் அடுத்த மாதம் இங்கிலாந்தில் ஒரு நூலகத்தில் உள்ளுறைப் பயிற்சியில் சேரவிருக்கிறாள். வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கு மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பஞ்சமே இல்லை. ஆனால் இத்தகைய பயிற்சிக்கு எந்த விசா பொருந்தும், உதவித்தொகை கிடைக்குமா, தங்குமிடம் யார் பொறுப்பு என்பவற்றை எடுத்துச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

இத்தகைய பயிற்சியின் பயனுக்கு நம்மிடமே சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன், அவ்வாண்டே லண்டன் சென்று பயின்றதோடு, கிராய்டன் பொது நூலகத்தில் நேரடி அனுபவமும் பெற்றார். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறைக்கும், 1948இல் இயற்றப்பட்ட நம் பொது நூலகச் சட்டத்துக்கு அவர் உழைத்ததற்கும் அந்த அனுபவம் உரமாக இருந்திருக்க வேண்டும்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் மற்றொரு முறையான டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811 என்பதை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த எண்ணைச் சீட்டில் எழுதி நூலின் முதுகில் ஒட்டி, அலமாரியில் உரிய இடத்தில் செருகிப் பழகியவர்கள் சிலரே. (கணினி வந்தபின் அதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு, அலமாரி இன்னும் மரத்திலும் இரும்பிலும்தானே இருக்கிறது!) எனவே, வெளிநாடு செல்லவிருப்போருக்கு நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் சில வாரங்கள் செய்முறைப் பயிற்சியும் அதற்கான சான்றிதழும் வழங்கப் பொது நூலகத் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தக்கலை