இரண்டு கட்டையில் ஒரு கல்யாண மெட்டு

கிளேர், அயர்லாந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்தியின் அரங்கேற்றத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதில் தாமதமானதற்கு என் மகளின் கல்யாணமே காரணம். மாப்பிள்ளை இந்த ஊர்ப் பையன். காலையில் நம் முறைப்படி முகூர்த்தம், மாலையில் அவர்களுடைய தேவாலயம். அங்கே அவளைக் கைபிடித்து அழைத்துப் போகும்போது ஒலிக்க வேண்டிய மெட்டை நானே அமைக்க வேண்டுமாம், அதுவும் இந்த மண்ணின் பாணியில்.

இது இங்கே பழைய வழக்கம்தான். டர்லோ ஓ'கேரலன் (1670–1738) என்ற யாழிசைக் கலைஞர் பதினெட்டு வயதில் பெரியம்மையால் பார்வையை இழந்தவர். குதிரையில் ஊர் ஊராகப் போய், ஆதரித்த வீட்டாருக்கு அவரவர் பெயரிலேயே மெட்டு அமைத்துக் கொடுத்தார். சுமார் 200 மெட்டுகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன.

நான் மகளோடு நடக்க வேண்டும், அதனால் வயலினைத் தொட முடியாது. வாசிக்கப்போவது மாப்பிள்ளையின் சித்தப்பா. அவருடைய வாத்தியம் இலன் பைப்ஸ். வாயால் ஊதுவதில்லை, முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றேற்றுகிறார்கள். சுருதி இரண்டு கட்டை, அதாவது இவர்களுடைய D. நம் நாதஸ்வரத்தின் ஒத்து போலவே ஓயாமல் ஒலிக்கும் மூன்று குழல்கள் உடன் உண்டு. அதைக் கேட்ட துணிச்சலில் ஹரிகாம்போஜி ராகத்தில் எழுதினேன், காந்தார ஸ்வரத்தில் நல்ல அசைவுடன் (கமகத்துடன்). அவர் அசைவுகளையெல்லாம் விட்டு, வெறும் ஸ்வரங்களாக வாசித்துக் காட்டினார். பாதி மெட்டு காணாமல் போய்விட்டது! மீதிப் பாதியோ கமகம் இல்லாமலே அழகாக நின்றது. அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினேன். ராகத்தில் இல்லாத காகலி நிஷாதம், அந்த உயர்ந்த 'நி', ஓரிடத்தில் தானாக வந்து சேர்ந்தது. இங்குள்ள மெட்டுகளில் இரண்டு நிஷாதமும் வருவது சகஜம். எனக்கு, அப்படியே இரண்டும் வரும் நம் கமாஸ் ராகத்தின் நினைவுதான் வரும்.

தாளத்தில்தான் இன்னொரு சிக்கல். ஸ்லிப் ஜிக் என்ற இவர்களுடைய ஆட்ட நடை எனக்கு மிகவும் பிடித்தது: மூன்று மூன்றாக மூன்று, ஆக ஒன்பது. சமையலறையில் மகளோடு நடந்து பார்த்தேன். ஆவர்த்தனத்துக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) மூன்று அடி என்பதால் சமம், அதாவது சுற்றின் முதல் தட்டு, ஒரு முறை வலக்காலில், மறுமுறை இடக்காலில் விழுகிறது. அவளுக்கு நடை தடுமாறியது. எனவே நடப்பதற்கு இரண்டு மூன்றாக ஆறு, மெதுவான விளம்பத்தில். எட்டு எட்டு ஆவர்த்தனமாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, மொத்தம் 32. பாதை நீளமாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒன்பதை விட்டுவிட மனமில்லை. விருந்துக்குப் பின் ஆடுவதற்கு வைத்திருக்கிறேன்.

மெட்டுக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அந்த ஒன்பதுக்கு நீ வாசிக்க வேண்டும். இங்கே ஆட்டுத்தோல் பறை ஒன்று உண்டு, பௌரான் என்பார்கள். உன் கஞ்சிராவைப் போலவே தோலை ஈரப்படுத்திச் சுருதியை இறக்குகிறார்கள். அதை வாசிக்கும் பையனிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு. கஞ்சிராவைக் கைப்பையிலேயே வைத்துக் கொண்டு வா.

உன்
பழைய வயலின்காரன்