அந்த 43 நாளை இவர்களுக்கும் எண்ணுங்கள்

மேஜர் லீக் பேஸ்பாலின் ஆணையர் திரு. ராப் மேன்ஃபிரெட் அவர்களுக்கும் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதியோடு முடிகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வருமா, மறுபடியும் மைதானத்தைப் பூட்டிவிடுவீர்களா என்பதுதான் ரசிகர்கள் மத்தியில் பேச்சு. நான் எழுதுவது வேறு விஷயம். 1947க்கும் 1979க்கும் இடையே, அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்டமான மேஜர் லீக்கில் ஆடி, சர்வீஸ் (அணியில் இருந்த நாள் கணக்கு) போதவில்லை என்று பென்ஷன் இல்லாமல் நிற்பவர்களைப் பற்றியது. அடுத்த ஒப்பந்தத்தில் அவர்களுக்கும் மற்றவர்களைப் போல முறையான பென்ஷன் கொடுங்கள். கேட்க வந்தது இதுதான்.

பின்னணி உங்களுக்கு அத்துபடி. இதைப் படிக்கப்போகும் நண்பர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பென்ஷன் வேண்டுமானால் நான்கு ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஆண்டுக்கு 172 நாள் கணக்கு, ஆக 688 நாள். 1980 மே மாதம், வேலைநிறுத்தம் வெடிக்க இருந்த கடைசி நேரத்தில், நீங்கள் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி அதை 43 நாளாகக் குறைத்தீர்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரே ஒரு நாள் அணியில் இருந்தாலே போதும் என்றும் முடிவானது. அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டுப் போனவர்களுக்கு இது செல்லாது என்று சொல்லிவிட்டீர்கள். நாற்பத்தைந்து வருஷம் தாண்டியும் அது மாறவில்லை.

டேவிட் கிளைடை உங்களுக்கு நினைவிருக்கும். டெக்சாஸில் எங்கள் ஆர்லிங்டன் ஊரில் பழைய ரசிகர்கள் யாரும் அவரை மறந்ததில்லை. 1973இல் நாட்டிலேயே முதல் ஆளாக எங்கள் ஊர் அணியான ரேஞ்சர்ஸ் தேர்ந்தெடுத்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர். வயது 18. ஹூஸ்டனில் பள்ளிப் படிப்பை முடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜூன் 27 அன்று மேஜர் லீக் மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவசரத்துக்குக் காரணம் ரகசியமில்லை. ஸ்டேடியம் காற்றாடிக் கிடந்தது, உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்குப் பணமுடை. அன்றைக்கு ஆர்லிங்டன் ஸ்டேடியம் முதல்முறையாக நிரம்பியது, 35,000 பேருக்கு மேல். சாலையில் காரோடு மாட்டிக்கொண்டவர்கள் வந்து சேரட்டும் என்று ஆட்டத்தையே கால் மணி நேரம் தள்ளி ஆரம்பித்தார்கள். பையன் பதற்றத்தில் முதல் இரண்டு பேரை 'வாக்' விட்டான், அதாவது சரியாக வீசாமல் அவர்களை அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகவிட்டான். அடுத்த மூன்று பேரையும் வரிசையாக ஸ்டிரைக் அவுட் செய்தான், அடிக்கவே விடாமல் வெளியேற்றினான். ஐந்து இன்னிங்ஸ் வீசி எட்டு ஸ்டிரைக் அவுட், 4-3 என்று வெற்றி.

இரண்டு ஆட்டம் ஆடவிட்டு, கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பிப் பழக்குவது என்றுதான் முதலில் பேச்சு. பின்னால் பெரிய பெயர் எடுத்த மேனேஜர் வைட்டி ஹெர்சாக் விரும்பியதும் அதைத்தான். ஆனால் டிக்கெட் விற்றுத் தருகிற பையனை எந்த முதலாளி அனுப்புவார்? மேலேயே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. தோளில் கோளாறு, தோல்விகள், கிளீவ்லாந்து அணியில் இரண்டு சீசன். 1979இல், 24 வயதில், மேஜர் லீக்கில் அவர் கணக்கு முடிந்துவிட்டது. பிறகு டெக்சாஸிலேயே மரக்கடைத் தொழிலில் வருஷக்கணக்காக உழைத்தார். பென்ஷனுக்கு அவருக்குக் குறைந்தது எவ்வளவு தெரியுமா? 37 நாள்.

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். 1980க்குப் பிறகு வந்த விதியின்படி பார்த்தால் அந்த 43 நாளை அவர் பதினைந்து தடவை தாண்டியவர். பழைய விதியில் ஐந்து வாரச் சொச்சம் குறைகிறது என்று கை விரித்துவிட்டீர்கள். யாரை எப்போது மேலே அழைப்பது, எப்போது கீழே அனுப்புவது என்பதை முடிவு செய்வது கிளப். ஆட்டக்காரன் கையில் அது என்றைக்கும் இருந்ததில்லை. கூட்டம் சேர்க்க வேண்டியபோது பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து அழைத்து வந்தவர்களுக்கு, கடைசியில் 37 நாள் கூட வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

2011இல் இறங்கி வந்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. அணியில் இருந்த ஒவ்வொரு 43 நாளுக்கும் ஆண்டுக்கு 625 டாலர், உச்சபட்சம் 10,000. 2022 ஒப்பந்தத்தில் 15 சதவீதம் கூட்டினீர்கள், இப்போது உச்சபட்சம் 11,500. அதிலும் வரி போக மிச்சம்தான். இதைப் பென்ஷன் என்று நீங்களே அழைப்பதில்லை, ஏனென்றால் இது பென்ஷன் இல்லை. மருத்துவக் காப்பீடும் கிடையாது. இதே லீக்கில் பத்து ஆண்டு ஆடியவர் 62 வயதில் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் பென்ஷன் வாங்க முடியும். அவ்வளவு யாரும் கேட்கவில்லை.

என்னை இந்த மடலை எழுத வைத்தது அந்தத் தொகைகூட இல்லை. போன குளிர்காலத்தில் டாலஸ் பக்கம், ஆட்டக்காரர்கள் படம் போட்ட பேஸ்பால் கார்டுகளின் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கயிறு கட்டி வரிசை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு மடக்கு மேசை, எழுபதுகளில் இரண்டு சீசன் ஆடிய ஒரு பிட்சர், அவருக்கு வரிசை இல்லை. முழங்கையை முழுசாக மடக்க முடியாததால் கார்டை மேசை விளிம்புக்கு இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மை காயட்டும் என்று கார்டை விசிறிவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிய பணத்தை ஒரு ஜிப் பையில் வைத்தார். பேச்சுவாக்கில், லீக்கிலிருந்து ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். "வருஷத்துக்கு ஒரு தடவை வரும். இவர் இருக்கிற வரைக்கும்தான்" என்றார் அந்த அம்மா. பெரியவர் தலை நிமிராமல் அடுத்த கார்டை எடுத்தார்.

இவர் இருக்கிற வரைக்கும்தான். ஆமாம், உங்கள் விதி அதுதான். ஆட்டக்காரர் இறந்த மறுநாள் அந்தத் தொகை நின்றுவிடும், மனைவிக்குப் போகாது. சீசன் முழுக்க வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். குறைந்தபட்சச் சம்பளம் 15,000 டாலராக இருந்த 1973இல், குளிர்காலத்தில் கணவர் வேறு வேலைக்கு ஓட, குடும்பத்தை இழுத்துப் பிடித்தவர்களும் அவர்கள்தான். முறையான பென்ஷனில் துணைவருக்கு வழி இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பதற்கு இதுவரை ஒரு நல்ல விளக்கமும் என் கண்ணில் படவில்லை.

சங்கத்தாரே, உங்கள் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். முதலாளிகள் கணக்குப் பார்ப்பார்கள், அது அவர்கள் தொழில். நீங்கள் யார்? 1972 ஏப்ரலில் மேஜர் லீக் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தம் செய்தவர்கள். 13 நாள், 86 ஆட்டங்கள் ரத்து. எதற்காக? பென்ஷன் நிதிக்காக! அப்போது சங்கத்தை நடத்திய மார்வின் மில்லர் பின்னால் அன்று ஒற்றுமையாக நின்றவர்களில், நான்கு ஆண்டை எட்டாமலே போனவர்களும் உண்டு. அவர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துக் கட்டிய வீட்டில் அவர்களுக்கே இடமில்லை. ஓய்வு பெற்றவர்களுக்காகப் பேரம் பேசும் கடமை சட்டப்படி சங்கத்துக்கு இல்லை என்பீர்கள். சரி. கடமை இல்லை, தடையும் இல்லையே?

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. சில முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டும் பார்த்தார்கள், 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் 1997இல், கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த காலத்தில் அவர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்கின் முதியவர்களுக்கு நீங்கள் உதவித்தொகை தர ஆரம்பித்தது எந்த நீதிபதியும் சொல்லி இல்லை. செய்தது நியாயம் என்று பட்டது, செய்தீர்கள். இன்னும் முன்னதாகவே செய்திருக்கலாம் என்பதுதான் அதில் என் குறை.

பின்னோக்கிப் போய் எதையும் மாற்ற முடியாது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2024 மே மாதம் நீக்ரோ லீக் புள்ளிகளை மேஜர் லீக் பதிவேட்டில் சேர்த்தீர்கள். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பின் .367 கீழே இறங்கி, நீக்ரோ லீக்கில் ஆடிய ஜாஷ் கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது. மனதாரக் கைதட்டினேன். நூறு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருத்த முடிந்த உங்களுக்கு 1979ஆம் வருஷத்தைத் திறக்கச் சாவி கிடைக்கவில்லை. 2025 மேயில், சூதாடியதற்காகத் தடை பெற்று, இறந்துபோன ஆட்டக்காரர் பீட் ரோஸ் மீதான நிரந்தரத் தடையை நீக்கினீர்கள், ஆணையர் அவர்களே. மரணத்தோடு தடை முடிகிறது என்றீர்கள். அப்படியானால் உங்கள் லீக்கில், தவறு செய்தவனுக்குச் செத்தால் தண்டனை முடிகிறது, ஒழுங்காக ஆடிப் போனவனுக்குச் செத்தால் காசோலை முடிகிறது.

பணம் இல்லை என்பதை யார் நம்புவார்கள்? 2024இல் லீக்கின் வருமானம் 1,200 கோடி டாலரைத் தொட்டது. 2026இல் குறைந்தபட்சச் சம்பளமே 7,80,000 டாலர். இன்றைய நட்சத்திரம் ஹுவான் சோட்டோவுக்கு மெட்ஸ் அணி 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர். வாங்கட்டும், வயிற்றெரிச்சல் இல்லை, அடித்து ஆடுகிறார். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். ஐந்நூறு பேர் என்றே வைத்துக்கொள்வோம், ஆளுக்கு இன்னும் பத்தாயிரம் டாலர் கூட்டினாலும் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர்தான். சோட்டோவுக்கு ஓராண்டுக்கு விழுகிற தொகையில் பத்தில் ஒரு பங்கு. பார்க்கிங்குக்கு எங்களிடம் வாங்குவதில், ஆட்டம் பார்க்க ஒன்றுக்கு மூன்று ஆப் வைத்து மாதாமாதம் உருவுவதில், இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் சூதாட்ட விளம்பரம் காட்டுவதில் அந்த 50 லட்சம் ஒரு வாரத்திலேயே தேறிவிடாதா? சூதாடக்கூடாது என்று ஆட்டக்காரர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு, வேலிச் சுவரெல்லாம் அதே விளம்பரத்தை ஒட்டுகிறீர்களே, அதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். மரியாதையோடு கேட்பது இவ்வளவுதான். வரப்போகும் ஒப்பந்தத்தில், 1980க்கு முன் 43 நாளாவது அணியில் இருந்த எல்லாருக்கும் அதே 43 நாள் விதியைப் பொருத்தி முறையான பென்ஷன் கொடுங்கள். ஆட்டக்காரர் போன பிறகு மனைவிக்கும் அது தொடரட்டும். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011இல் எண்ணூறுக்கு மேல் இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. இன்னும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று போட்டு, அதற்கடுத்த தடவை பார்க்கலாம் என்று நீங்கள் நினைத்தால், அப்போது கொடுக்கப் பெரிதாக ஆளே இருக்கமாட்டார்கள். அந்தக் கணக்கில்தான் காத்திருக்கிறீர்கள் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். டிசம்பர் 1க்கு முன்னால் அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும், பேச்சுவார்த்தையில் உங்கள் விஷயம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கடிதம் போடுங்கள். பிரிக்கப்போவது அநேகமாக அவர்கள் மனைவிமார்தான், அதனால் அவர்கள் பெயரையும் உறையில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆர்லிங்டனிலிருந்து
ஒரு ரேஞ்சர்ஸ் ரசிகன்