எங்கள் பிள்ளைகளுக்கு உலகத்தை அறிமுகப்படுத்துவோருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் கல்வி இணைப்பில் வந்த பிள்ளைகள் தங்களை உலகம் முழுவதற்கும் பொறுப்புள்ளவர்களாக உணரப் பழக்கும் உலகக் குடிமைக் கல்வி பற்றிய கட்டுரையில், கடலோரப் பிள்ளைகளுக்கு உலகம் என்ற ஒன்றையே முதலில் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது என்றொரு வரி இருந்தது. அறிமுகப்படுத்த முன்வந்த பெருந்தன்மைக்கு நன்றி. ராமேஸ்வரம் பக்கத்து ஊர்களான மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த அறிமுகம் இங்கே எந்த வயதில், யாரால் நடந்துவிடுகிறது என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை இலங்கைக் கடற்படையே செய்துவிடுகிறது. அப்பா போன விசைப்படகு பிடிபட்ட மறுநாள், "கடல்ல கோடு எங்க டீச்சர் போட்டிருக்கு?" என்று கேட்கும் எட்டு வயதுச் சிறுவனுக்கு இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களை விளக்க முடியாது, அக்கரையிலும் வலையை நம்பிப் பிழைக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். அவனே ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபின், கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது ஏன் என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். இழுவைமடி இழுக்கும் விசைப்படகு வீட்டுப் பிள்ளையும் அதனால் பாதிக்கப்படும் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தப் பாடவேளை எப்படிப் போகும் என்பது தாங்கள் அறியாததல்ல.

யுனெஸ்கோ 2015இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பாடத்தை ஐந்து வயது முதல் பதினெட்டு வரை நான்கு படிகளாகப் பிரித்தே தந்திருக்கிறது. எங்களுக்கு நடந்த பயிற்சியிலோ எல்லா வகுப்புக்கும் ஒரே கையேடுதான்: கொடிகளுக்கு வண்ணம் தீட்டுக, உலக உருண்டையைச் சுற்றிக் கைகோத்து நிற்க. மீசை அரும்பிய பையன்களிடம் கிரையான் பெட்டியை நீட்டிய கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதில் ஒரு பயிற்சித்தாள், "நான் ...... நாட்டின் குடிமகள், நான் உலகக் குடிமகள்" என்று இருந்தது. மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து வந்த பத்தாம் வகுப்பு மாணவி முதல் இடத்தை நிரப்பாமலே தாளை மடித்துக் கொடுத்தாள். 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இல்லையெனில், பிறப்பு மட்டுமே குடியுரிமை தராது. இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாம் வகுப்பு வரை வந்த அந்தப் பெண்ணுக்கு உலகக் குடிமையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று கட்டுரையாளர் சொன்னால் கற்றுக்கொள்கிறேன்.

எங்கள் கடற்கரை தங்கள் இதழில் இடம்பெறுவது, யாரையாவது பிடித்துக்கொண்டு போனாலோ புயல் அடித்தாலோதான். இதை முன்பே எழுதியிருக்கிறேன். இரண்டு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் கல்வி இணைப்பு பாம்பன் பாலத்தைத் தாண்டி வருவதில்லை. எங்களைப் பற்றிய இந்தக் கட்டுரையையே, ராமநாதபுரத்தில் இருக்கும் என் மகள் வாட்ஸ்அப்பில் படம்பிடித்து அனுப்பித்தான் படித்தேன். வரும் வாரத்திலிருந்தாவது அதை எங்கள் ராமேஸ்வரம் தீவுக்கும் அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியை,
தங்கச்சிமடம்.