ஜன்னல் யாருடைய உயரத்துக்கு?

ஆசிரியருக்கு,

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் கருகிப்போனதற்குத் தீ மட்டும் காரணமில்லை, கீற்றுக்கூரையும் குறுகலான படிக்கட்டும் ஒரே கட்டடத்தில் அத்தனை பிள்ளைகளை அடைத்து வைத்ததும்தான் காரணம். அதற்கப்புறம் கூரைகள் மாறின. சரி, மற்றதெல்லாம்? என் மகள் படிக்கும் பள்ளியில் ஜன்னல் அவள் தலைக்கு மேலே இருக்கிறது. வெளியே வேப்பமரம் நிற்பதே உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் அது முடிகிற இடத்தில் ஒரு படி! சக்கர நாற்காலியில் வரும் அவள் தோழியைத் தினமும் இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே விடுகிறார்கள், அந்தப் பிள்ளை அப்போது தலையைக் குனிந்துகொள்வதைப் பார்க்க முடியவில்லை. இனியாவது பள்ளிக் கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன் அதிகாரிகள் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் ஒருநாள் உட்கார்ந்து பேசட்டும்.

– ஒரு தாய், திருவாரூர்