தம்புவைத் தடுத்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க நாவல்களில் வளரிளம் பருவம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளையர் கல்விக்கும் சொந்த மண்ணுக்கும் நடுவே பிள்ளைகள் தத்தளிப்பதுதான் இவற்றின் சாரம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். பேசப்பட்ட நாவல்கள் எல்லாமே பையன்களின் கதைகள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

ஜிம்பாப்வே எழுத்தாளர் ட்சிட்சி டங்கரெம்பாவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவல் 1988-இல் வெளிவந்தது. அரசுக் கல்லூரியில் முதுகலை வகுப்புக்கு அதை நடத்தியிருக்கிறேன். கதை நடக்கும் இடம் இன்றைய ஜிம்பாப்வே, அன்று வெள்ளையர் ஆண்ட ரொடீசியா. அண்ணன் செத்ததற்குத் தான் வருந்தவில்லை என்று சொல்லித்தான் நாயகி தம்பு கதையைத் தொடங்குகிறாள். வீட்டில் பணமில்லை, இருந்த கொஞ்சமும் அண்ணன் படிப்புக்குப் போயிற்று. புத்தகத்தைச் சமைத்தா புருஷனுக்குப் போடுவாய் என்று கேட்கிறார் அப்பா. தன் ஃபீஸுக்காகச் சிறுமி தானே மக்காச்சோளம் பயிரிடுகிறாள். அந்தக் கதிர்களையும் அண்ணன் திருடி நண்பர்களுக்குக் கொடுக்கிறான். மிஞ்சியதை விற்கப்போய்ப் பணம் கிடைத்ததும், அது தனக்கே சேர வேண்டும் என்று அப்பா தலைமையாசிரியரிடம் போய் நிற்கிறார்.

இந்தப் பகுதியை நடத்திய அன்றுதான், வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி எழுந்து பேசினாள். தம்பியைத் தனியார் பள்ளி வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும், தான் அரசுப் பள்ளிக்கு நடந்து போவேன் என்றாள். காலனியம் பற்றி எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளை அவர்களுக்குப் படிக்கக் கொடுத்திருந்தேன். எதுவும் அவளைப் பேச வைக்கவில்லை.

வெள்ளையராட்சிக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவரவில்லை. இங்கிலாந்தில் சில காலம் வளர்ந்து திரும்பிய பெரியப்பா மகள் நியாஷா, சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி எலும்பும் தோலுமாகிறாள். ஆப்பிரிக்கர்களுக்கு இந்த நோயெல்லாம் வராது என்று கைவிரிக்கிறார் வெள்ளைக்கார மனநல மருத்துவர். ஆனால் அதே வீட்டில் அவளை அடிக்கும் கை, மிஷன் பள்ளியை நடத்தும் அவளுடைய அப்பாவின் கை. இரண்டையும் பிரித்து எழுதினால் நியாஷா விளங்கமாட்டாள்.

தம்புவின் கதையை டங்கரெம்பா மூன்று நாவல்களாக எழுதியிருக்கிறார். 2018-இல் வந்த மூன்றாம் நாவலில், பட்டம் வாங்கிய தம்பு, சுதந்திர ஜிம்பாப்வேயின் தலைநகரில் வேலையில்லாமல் நிற்கிறாள். கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், இந்த மூன்று நாவல்களுக்கும் உரிய இடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
நாமக்கல்.