அந்தக் காம்பராவில் ஆள் இருக்கிறார்கள்

அப்பாவின் நினைவு இல்லக் குழுவினருக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம், எழுத்தாளரான அப்பா பிறந்த லயத்துக் காம்பராவை (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையை) நினைவு இல்லமாக்கப் போவதாகவும், கல்வெட்டு வாசகத்தை வாரிசு என்ற முறையில் நான் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வாசகம் வராது. காரணத்தை உங்களுக்கு மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும். அதனால்தான் எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது டொரொண்டோவில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில். 1983 கலவரத்துக்குப் பிறகு அப்பா அங்கே போய்ச் சேர்ந்தார். இரவில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் மேடையும் பொன்னாடையும். சேர்ந்துபோன பொன்னாடைகளில் இரண்டை அம்மா ஜன்னல் திரையாகத் தைத்துவிட்டார். எழுதுவது சமையலறை மேசையில். "கொழுந்தெடுக்கும்போது மட்டம் பார்க்கிற கம்புக்கு என்ன பெயர்?" என்று தலை நிமிராமல் கேட்பார். "மட்டக்கம்பு" என்பார் அம்மா, அடுப்படியிலிருந்து. தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்க மலைக்குப் போனவர் அம்மாதான். அப்பா போனது பள்ளிக்கூடத்துக்கு. (அம்மாவுக்கு யாரும் கல்வெட்டு கேட்கவில்லை.)

தமிழ் வகுப்பில் அப்பாவின் கதை ஒன்று பாடமாக வந்தது. "இஸ்தோப்பு என்றால் என்ன? உனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார் ஆசிரியை. பஸ் நிற்கும் இடம் என்றேன். வகுப்பு சிரித்தது; அது போகட்டும். அடுத்த வாரம் மேடையில் அப்பாவே அதைச் சொல்லி மண்டபத்தையே சிரிக்க வைத்தார். வேரறுந்த தலைமுறை என்றார். முன்வரிசையில் நான், பத்து வயது. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அவர் கதைகளை நான் தொடவில்லை.

போன மாசியில் உங்களுக்குச் சொல்லாமல் வந்தேன். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, மிச்சம் நடை. அந்தக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கிறார்கள். மலையிலிருந்து வந்த பெண், இடுப்புப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, யார் எவர் என்று கேட்கும் முன்பே பிளேன்டீ கொடுத்தார். நான் உட்கார்ந்து குடித்த அந்த முன்திண்ணைதான் இஸ்தோப்பு. மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். ஓரத்தில் விறகு, தகரக் கூரையின் ஓட்டைக்கு நேர்கீழே ஒரு வாளி. நினைவு இல்லம் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

துரை, அதாவது தோட்ட மேலாளர், சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதிப்பார். லயம் தோட்டத்துடையது, குடியிருப்பவர் கையில் உறுதிப்பத்திரம் கிடையாது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று ஒப்பந்தம் போட்டபோதும், போகவேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. அம்மாவின் அக்கா கோத்தகிரிக்குப் போனது அந்தக் கணக்கில்தான். அப்பா வாழ்நாளெல்லாம் எழுதியது இதைத்தானே? அவர் பெயரைச் சொல்லி இன்னொரு குடும்பத்தைக் கிளப்பப் பார்க்கிறீர்களே.

அவருடைய கையெழுத்துக் கொப்பிகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. தோட்டப் பாடசாலையில் பூட்டும் சாவியுமாக ஓர் அலுமாரி வையுங்கள், சித்திரையில் நானே கொண்டுவந்து தருகிறேன். திரட்டிய பணத்தில் முதலில் அந்தத் தகரத்தை மாற்றுங்கள். மழைக்காலம் வருகிறது.