அகழி மேல் பழி வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் இங்கிலாந்தின் செஷயரிலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹாலைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, நான் இரண்டு முறை போய் வந்த வீடு அது. ஆனால் அகழித் தண்ணீர் ஊறித்தான் வீடு கோணிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. பாரம் தலைக்கு மேல் இருக்கிறது ஐயா.

1500களின் தொடக்கத்தில் வில்லியம் மோர்ட்டன் ஆரம்பித்தது, அடுத்தடுத்த தலைமுறைகள் சுமார் நூறு வருஷம் ஒட்டி ஒட்டிக் கட்டினார்கள். அப்படித் தெற்குப் பக்கம் எழும்பும்போது, முதலில் யோசனையிலேயே இல்லாத 68 அடி நீளக் கூடம் ஒன்றை உச்சியில் ஏற்றிவிட்டார்கள். மழை பெய்தால் உள்ளேயே உலாத்த, விளையாட. அந்தக் காலத்து நான்கு டென்னிஸ் பந்துகள் சுவர்ப் பலகைக்குப் பின்னாலிருந்து கிடைத்திருக்கின்றன! சரி, அதோடு விட்டார்களா, கூரைக்குக் கனமான மணற்கல் பலகைகளை வேறு அடுக்கினார்கள். அவ்வளவையும் கீழே உள்ள ஓக் மரச் சட்டங்கள்தான் தாங்க வேண்டும், பிதுங்காமல் என்ன செய்யும்? அந்தக் கூடத்தில் நடக்கும்போது தரை ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் இறங்கும், கட்டுமரத்தில் நிற்பது போல.

அகழி எதிரியைத் தடுக்க வெட்டியது என்று நீங்கள் எழுதியிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டைச் சுற்றிலும் இத்தனை கண்ணாடி ஜன்னல் வைத்தவர் முற்றுகைக்குப் பயந்தவரா? அது அந்தஸ்துக்கு. அப்புறம், அந்தக் காலத்தில் கழிப்பறைக் கழிவு நேரே அகழியில்தான் விழுந்தது, அதை யாரும் படம் எடுப்பதில்லை.

17ஆம் நூற்றாண்டில் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் அரசர் பக்கம் நின்று நொடித்துப்போனார்கள், பிறகு வீடு வாடகைக்கு விவசாயிகள் கைக்குப் போனது. காசு இருந்திருந்தால் எப்போதோ இடித்துப் புதுசாகக் கட்டியிருப்பார்கள். 1938இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு வந்து சேர்ந்தது.

கட்டுரையில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. முற்றத்து ஜன்னல்களுக்கு மேலே, கட்டச் சொன்ன மோர்ட்டன் பெயரோடு, கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல் என்றும் மரத்தில் செதுக்கியிருக்கிறது, வருஷம் 1559. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆனாலும் படிக்கலாம்.

– ஒரு வாசகி, மான்செஸ்டர்